பாப்பா மாத்திரை

"அம்மா வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று டாக்டர் கேட்டபோது ரேச்சல் தடுமாறவில்லை. காலையில் நீர் பிரிவதற்கு ஒன்று, நெஞ்சுத் துடிப்புக்கு அரை, சாயங்காலம் ஆறு மணிக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. பெயர், அளவு, எந்த மாதத்திலிருந்து என்பது வரை சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ரேச்சலைவிட நாலைந்து வயது கூடுதலாக இருந்தால் அதிகம். கழுத்தில் தொங்கிய அட்டையில் எழில்மொழி என்று போட்டிருந்தது.

"நீங்க மெடிக்கல் லைனா?"

"இல்ல மேடம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பெயின்ட் கம்பெனி லேப்ல இருக்கேன்."

"ரத்த மாத்திரைய ஒரு நாளைக்கு ரெண்டு போட்டிருப்பாங்களா? போட்டது மறந்துபோய் திரும்பவும்?"

"நான்தான் மேடம் கையில எடுத்துக் குடுக்கிறேன். முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன்."

டாக்டர் கையிலிருந்த தாளை அவள் பக்கம் திருப்பினார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட். அம்மாவுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். தாளில் பன்னிரண்டு என்று இருந்தது. ரேச்சல் அதைத் திரும்பவும் படித்தாள். ஆய்வகத்தில் ஒரு எண் இப்படித் தப்பாக வந்தால் சோதனைக் குழாயைக் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்வாள். இங்கே எதைக் கழுவுவது என்று தெரியவில்லை.

"தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்றதா இருந்தாலும் முதல்ல ரத்தம் உறையற நிலைக்கு வரணும். அதுக்கு ஊசி போட்டாச்சு, பிளாஸ்மா ஏத்திட்டிருக்கோம். எவ்வளவு மருந்து உள்ள போயிருக்குன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும். வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லுங்க."

ரேச்சல் அப்பாவுக்கு போன் செய்தாள். அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் பிஸ்கட் டப்பா இருக்கும், அதை அப்படியே எடுத்துவரச் சொன்னாள். பிறகு வராந்தாவில் வந்து கெங்கம்மா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திருவொற்றியூர் மார்க்கெட்டில் இருபது வருஷமாக அம்மா சிலுவையம்மாளுக்குப் பக்கத்துக் கூடை கெங்கம்மாவுடையது. விடியும் முன்னால் இருவரும் ஒரே ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஒரே ஆட்டோவில் மார்க்கெட்டுக்குப் போவார்கள். இன்று காலை பத்தேகால் மணிக்கு, ஒரு வாடிக்கைக்காரிக்குக் காரப்பொடி மீன் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த சிலுவையம்மாள் "தல வலிக்குதுடி" என்று சொல்லி, அள்ளிய மீனோடு அப்படியே சாய்ந்துவிட்டாள். கெங்கம்மாதான் தூக்கிவந்தாள். அவள் புடவை முழுக்க ஐஸ் தண்ணீரும் செதிலும். அம்மாவின் கூடையை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடந்துபோன ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டதும், "இன்னாம்மா, நீ மீனு துன்றதில்லையா?" என்று கேட்டுவிட்டு, உடனே அழ ஆரம்பித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு வால்வு மாற்றினார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியிருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. லட்சக்கணக்கில் ஆகும் ஆபரேஷன், காப்பீட்டு அட்டையில் ஒரு பைசா செலவில்லாமல் முடிந்தது. அப்பா அந்த அட்டையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் பீடத்தில் வைத்து எடுத்துவந்தார். ஆனால் வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க ஆயுசு முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரையை அட்டை தரவில்லை. ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்தார்கள்தான். அதற்கு ஏழு மணிக்கு வந்து வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, முடிவு வரும்வரை காத்திருந்து, மாத்திரை வாங்கிப் போகும்போது மூன்று மணி. ஒருநாள் வியாபாரம் போய்விடும். சில மாதம் இந்த மாத்திரை மட்டும் இருக்காது, வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அம்மா ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இலவசம் நமக்குக் கட்டுப்படியாவாது பாப்பா" என்றாள். அன்றிலிருந்து தெருமுனை நோயல் மெடிக்கல்தான்.

விலை மலிவாக மருந்து விற்கும் கடை ஒன்று வேலைக்குப் போகும் வழியில் இருப்பதை ரேச்சல்தான் கண்டுபிடித்தாள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த வாரம் அது. முதலில் கெங்கம்மாவுக்கு சர்க்கரை மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்கு பிரஷர் மாத்திரை. எல்லோருக்கும் நின்று விளக்கினாள். நாலு பேர் முன்னால் பேச வாய் வராத பெண், இதற்கு மட்டும் எங்கிருந்தோ பேச்சு வந்தது. அம்மாவிடம் கடைசியாக வந்தாள்.

"இன்னா பாப்பா, வெள்ளையா இருந்தது ரோசா கலர்ல கீது?"

"அதே மருந்துதாம்மா. கம்பெனி வேற, அதனால கலரு வேற."

"வெல?"

"அதுல கால்வாசி."

அம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். வாழ்க்கையில் அவள் எதையும் அப்படித்தான் வாங்கினாள்.

"நானும்தான் ஒரே மீனுன்னு சொல்லி விக்கிறேன். காலைல எட்டு மணிக்கு சங்கராவுக்கு ஒரு வெல, பன்னெண்டு மணிக்கு ஒரு வெல. எதுக்கு எறக்குறேன்? அதுக்குள்ள மீனு கொழைஞ்சிடுது. வெல சும்மா எறங்காது பாப்பா."

"மாத்திரை மீனு இல்லம்மா. எங்க கம்பெனியில ஒரே டிரம்முல இருக்கிற வெள்ளை பெயின்ட்ட ரெண்டு டப்பாவுல ஊத்துறோம். ஒண்ணுல பெரிய பேரு, ஒண்ணுல சின்ன பேரு. ரெண்டுக்கும் ரெண்டு விலை. நான்தானே டெஸ்ட் பண்றேன்? ரெண்டும் ஒண்ணுதான்."

"அது செவுத்துக்கு அடிக்கிறது. இது நெஞ்சுக்கு."

அப்பா கட்டிலில் படுத்தபடி சிரித்தார். ரேச்சலும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. அரை மணி நேரம் பேசினாள். கோயிலில் ஆறு மணி அடித்தது. அம்மா பெருமூச்சு விட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள், பூசையில் பீடத்தின் முன்னால் நன்மை அப்பம் வாங்க நிற்பதைப் போல. ரேச்சல் மாத்திரையை நாக்கில் வைத்தாள். "ஆமென்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. கோயில் மணி அடித்ததும் அம்மா செய்கிற வேலையை விட்டுவிட்டு வாயைத் திறப்பாள். ரேச்சல் வேலையில் தாமதமாகும் நாட்களுக்கென்று போனில் அதே மாதிரி மணியோசை ஒன்றை ஆறு மணிக்கு வைத்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோவில் வரும்போது அது அடித்தால், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்னால் மாத்திரையைக் கொடுப்பாள். தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

மலிவு விலைக் கடைக்காரப் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள்: கம்பெனி மாத்துறீங்க, பத்து நாள்ல ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. ரேச்சல் அதை அம்மாவிடம் சொன்னாள்.

"தவக்காலம் பாப்பா. வெள்ளிக்கெழமயானா கறி துன்றவன்லாம் மீனு துன்றான். ஏப்ரல் பதினஞ்சுல தடைக்காலம் வந்துடும், ரெண்டு மாசம் போட்டு கடலுக்குப் போவாது. வூட்ல குந்துறத்துக்கு ஆஸ்பத்திரியில குந்திக்கறேன். அப்பால எத்தினி ரத்தம் வேணுமோ எட்த்துக்கட்டும்."

சரி என்றாள் ரேச்சல். வெளி ஆய்வகத்தில் எடுத்திருக்கலாம். மாத்திரையில் மிச்சமானதே அதற்குப் போதும். அந்த மிச்சத்தில் அம்மாவுக்கு ஈஸ்டருக்குப் புடவை எடுக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

போன வாரம் அம்மா பல் தேய்த்துத் துப்பியபோது தண்ணீர் ரோஜா நிறத்தில் ஓடியது. முழங்கைக்கு மேலே நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு. "இன்னாம்மா இது?" என்று கேட்டாள். "கூட இட்ச்சிகிச்சி" என்றாள் அம்மா. கூடை இடிக்கத்தான் செய்யும். அவள் நம்பினாள்.

அப்பா வந்துசேர ஒரு மணி நேரமாயிற்று. துறைமுகத்தில் முப்பது வருஷம் பாரம் ஏற்றி இறக்கிய கஸ்பார், ஒரு பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது கவிழ்ந்துவிடும் என்பதைப் போல மெல்ல நடந்து வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "இன்னா சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வார்டு கதவையே பார்த்தபடி நின்றார்.

ரேச்சல் டப்பாவைத் திறந்து எண்ணினாள். ரோஜா நிற மாத்திரை இரண்டு அட்டை. பத்தில் பத்தும் காலி, அடுத்ததில் ஏழு. பதினேழு நாள், பதினேழு மாத்திரை. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. கணக்கு சரியாக இருந்தது. அப்படியானால் ஆய்வகத்தில்தான் தப்பு, யாருடைய ரத்தத்தையோ அம்மாவின் பெயரில் போட்டுவிட்டார்கள். டாக்டரிடம் சொல்ல எழுந்துவிட்டாள்.

"மாத்திரயா எண்ணுற?" என்றாள் கெங்கம்மா. "அப்ப இதும்தான் சேரும், இந்தா." கூடைக்குள் கைவிட்டு, அம்மா இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை எடுத்தாள். ஆட்டோவில் ஏற்றும்போது கழன்று விழுந்ததாம்.

பைக்குள் மீன் வாசனையோடு சில்லறை, ஒரு வெற்றிலை, வேளாங்கண்ணி மாதா சுரூபம். அதோடு கத்தரியால் நறுக்கிய ஒரு துண்டு மாத்திரை அட்டை. மூன்று குழி காலி, இரண்டில் வெள்ளை மாத்திரை. அட்டையின் பின்பக்கம் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. ரேச்சலுக்கு மீதிப் பாதி தேவைப்படவில்லை. மூன்று வருஷம் அவளே வாங்கிவந்த மாத்திரை.

"இது இன்னா அத்தே?"

"டாக்டர் மாத்திர, கண்ணு. டெய்லி பத்து மணிக்கு டீ குட்ச்சிட்டு வாயில போட்டுக்கும். நோயல் கடையில அஞ்சு அஞ்சா கத்திரிச்சி வாங்கியாரும். இன்னிக்கும் போட்டுச்சே."

"டாக்டர் மாத்திரையா?"

"ஆமா. காலைல டாக்டர் மாத்திர, சாயங்காலம் பாப்பா மாத்திர. அப்டித்தான் பேர் வச்சிகினு சிரிக்கும்." கெங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் கேட்டேன் ரேச்சலு. ரெண்டையும் துன்றியே சிலுவ, ஒத்துக்குமாடின்னு. அதுக்கு இன்னா சொல்ச்சி தெர்மா? பாப்பா குடுக்குறதுல சத்து இல்லடி, அது இன்னா பண்ணப்போவுது, வயித்துல போய் கரைஞ்சிடும். வேணான்னு சொன்னா கொயந்த மூஞ்சி சுருங்கிடும், எனக்கோசரம் அவ்ளோ தூரம் போயி வாங்கியாருது. அத்த துன்னா அது தூங்கும், இத்த துன்னா நான் தூங்குவேன். அப்டின்னுச்சி."

ரேச்சல் இரண்டு அட்டைகளையும் ஒரே கையில் பிடித்திருந்தாள். வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அதன் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. மாலையில் அவள் எண்ணியது தன் மாத்திரையை மட்டும். பத்து மணி டீயை அவள் எண்ணவே இல்லை. அம்மா எட்டு மணிச் சங்கராவோடு நேற்றைய சங்கராவைக் கலந்து கூறு வைப்பாள். பழையது யாரையும் ஒன்றும் செய்யாது, குழம்பில் கரைந்துவிடும் என்பாள். அதே யோசனைதான். எல்லாரையும் நிற்கவைத்து விளக்கியவள், அம்மாவின் முகத்தை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்.

உள்ளே போய் டாக்டரின் மேஜையில் இரண்டையும் வைத்தாள். வெள்ளை, ரோஜா. "ரெண்டும் சாப்பிட்டிருக்காங்க மேடம். பதினேழு நாளா. எனக்குத் தெரியல." டாக்டர் எழில்மொழி அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று ரேச்சல் காத்து நின்றாள். அவர் திட்டவில்லை. "இன்னும் ரெண்டு யூனிட் ஏத்தணும். ரத்தம் குடுக்க ஆளுங்க இருந்தா வரச் சொல்லுங்க" என்றார். பிறகு, "போய் ஏதாவது சாப்பிடுங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது கெங்கம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல், சுவரில் ஒட்டியிருந்த காப்பீட்டுத் திட்ட அறிவிப்பைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த மலிவு மாத்திரயால வந்ததா இது?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அம்மா சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அம்மா மேல் யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள்.

"நைனா..."

"அவ தலப்பாடா அட்ச்சிகினா. வெல சும்மா எறங்காதுன்னு. நான் படுத்துகினு சிரிச்சேன்." அறிவிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே திரும்பச் சொன்னார். "நானும்தான் சிரிச்சேன்."

கெங்கம்மா ரேச்சலின் கையைத் தொட்டாள். ரகசியம் கேட்பதைப் போலக் குனிந்து, "அப்ப, நீ வாங்கிக் குட்த்த சக்கர மாத்திர கீதே கண்ணு, அத்த நான் நிப்பாட்டிடட்டுமா? பயமா கீது" என்றாள்.

ரேச்சல் அவளைப் பார்த்தாள். போன மாதம் வரை கெங்கம்மா சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டவள். முழுசாகச் சாப்பிடக் கட்டுப்படியாகாது. கால் விரலில் ஒரு புண் ஆறு மாதம் ஆறாமல் இருந்தது. இந்த ஒரு மாதத்தில்தான் அது காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மார்க்கெட்டில் இரண்டு பேரிடம் செருப்பைக் கழற்றிக் காட்டியதாக அம்மா சொல்லியிருக்கிறாள். இவள் நிறுத்தினால் தெருவில் மற்ற மூன்று வீடும் நிறுத்தும்.

"நிறுத்தாதீங்க அத்தே."

"மெய்யாலுமா?"

"அது நல்ல மாத்திரை." அப்பா பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்கு நான் குடுத்ததும் நல்ல மாத்திரைதான் நைனா. சத்து இருந்தது. அம்மா நெனச்ச மாதிரி சத்து இல்லாம இருந்திருந்தா, அம்மாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தானை அவிழ்த்துச் சரியாகப் போட ஆரம்பித்தார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ரேச்சல் எழுந்துபோய்ப் போட்டுவிட்டாள். அவர் குழந்தையைப் போல மோவாயை உயர்த்திக்கொண்டு நின்றார். பிறகு ரத்தம் கொடுக்கும் இடம் எது என்று கேட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அறுபத்தாறு வயதுக்காரரிடம் எடுக்கமாட்டார்கள் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். தலையணை இல்லாமல் அம்மா படுத்திருந்தாள். மூக்கில் குழாய், கையில் ஊசி, தலைமாட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு பை சொட்டிக்கொண்டிருந்தது. வலது பக்க முகம் லேசாக இறங்கியிருந்தது. யாரோ அவளைத் துடைத்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் காதுமடலின் பின்னால் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு விளக்கில் மின்னியது. ரேச்சல் அதை நகத்தால் எடுக்கப் போனாள். எடுக்கவில்லை, விட்டுவிட்டாள்.

நர்ஸ் குனிந்து சத்தமாக அழைத்தாள். "சிலுவையம்மா! உங்க பொண்ணு வந்திருக்கு பாருங்க. பொண்ணு கைய அழுத்துங்க. எங்கே, அழுத்துங்க பாப்போம்!"

ரேச்சல் தன் கையை அம்மாவின் உள்ளங்கைக்குள் வைத்தாள். ஐஸில் ஊறி ஊறித் தடித்துப்போன கை. கட்டைவிரலின் ஓரத்தில் மீன் முள் கிழித்த பழைய தழும்பு. அது அசையவில்லை. நர்ஸ் மறுபடி அழைத்தாள், தோளைத் தட்டினாள். பிறகு தொங்கவிட்டிருந்த தாளில் எதையோ குறித்தாள். "காலைல வரைக்கும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

ரேச்சல் கையை எடுக்கவில்லை. என்ன சொல்வது என்று யோசித்தாள். மன்னிப்பு கேட்கலாம். அம்மாவைக் கோபித்துக்கொள்ளவும் ஆசையாக இருந்தது. ஏம்மா, என்னை நம்பலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நான் என்ன, மூஞ்சி சுருங்கினால் செத்தா போய்விடுவேன்? சொட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றாள்.

அவளுடைய பைக்குள்ளிருந்து மணி அடித்தது. கோயில் மணி. வார்டே திரும்பிப் பார்த்தது. ரேச்சல் பதறிப்போய்ப் பையைத் துழாவினாள். டிபன் பாக்ஸ், குடை, பிஸ்கட் டப்பா, எல்லாம் கையில் தட்டுப்பட்டன, போன் மட்டும் அகப்படவில்லை. ஆறு முறை அடித்து ஓய்ந்த பிறகுதான் கிடைத்தது. "சாரி சிஸ்டர்" என்று சொல்லி அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

அம்மாவின் கண்கள் மூடியே இருந்தன. உதடுகள் மட்டும் பிரிந்திருந்தன. இறங்கிப்போன வலது பக்கத்தில் கொஞ்சமாக, இடது பக்கத்தில் நன்றாக. உள்ளே, காய்ந்த நாக்கின் நுனி கீழ்ப்பல்லைத் தாண்டி முன்னால் வந்து நின்றது.

ரேச்சலின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றுசேர்ந்து, நடுவில் ஒன்றுமில்லாமல், அந்த வாயின் அருகே வரை போய் நின்றன.